பழைய லாரி செல்ஃப் எடுக்கவில்லையா? பழுதை அளந்து பிடிக்கும் முழுமையான வழிகாட்டி

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். சில நாள் அதுவும் இல்லை. பக்கத்தில் நிற்பவர் பேட்டரி போய்விட்டது என்பார், இன்னொருவர் செல்ஃப் மோட்டாரைக் கழற்றச் சொல்வார். இரண்டையும் மாற்றிய பிறகும் அதே 'டக்' கேட்டால் என்ன செய்வது?

ஒரு வண்டியில் எனக்கு அப்படித்தான் நடந்தது. புது பேட்டரி போட்டேன், செல்ஃப்பைக் கழற்றி, அதன் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பிரஷ்ஷை மாற்றினேன், பலன் இல்லை. கடைசியில் பிடிபட்டது இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவில் இருந்த எர்த் பட்டை, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி. பார்வைக்கு முழுசாக இருந்தது. போல்ட்டைக் கழற்றியபோது பட்டையின் அடியில் பெயின்ட்டும் துருவும் சேர்ந்து ஒரு படலமாக உட்கார்ந்திருந்தது. அதைச் சுரண்டி இறுக்கியதும் முதல் திருப்பிலேயே இன்ஜின் சுற்றியது. எதையும் மாற்றுவதற்கு முன் அளப்பது, அதையும் செல்ஃப் அடிக்கும்போதே அளப்பது என்ற பழக்கம் எனக்கு அன்று வந்தது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு பழக்கத்தைப் பற்றித்தான்.

செல்ஃப் அடிக்கும்போதே ஏன் அளக்க வேண்டும்? ஒரு டீசல் லாரியின் செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றும்போது 300 ஆம்பியரும் இழுக்கும், அதற்கு மேலும் இழுக்கும். வழியில் எங்கோ ஒரு மூட்டில் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 300-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 3 வோல்ட். 12 வோல்ட்டில் 3 வோல்ட் அந்த மூட்டிலேயே சூடாகக் கரைந்துவிடும். ஆனால் செல்ஃப் ஓடாதபோது அதே இடத்தில் மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் அழகாகக் காட்டும், ஏனென்றால் மல்டிமீட்டர் தன் வழியே கரண்ட் எடுப்பதே இல்லை எனலாம். நூறு இழைகளில் ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் கேபிளும் மீட்டருக்கு நல்ல கேபிள்தான். ஓம் அளவிலும் இந்தத் தடை சிக்காது, சாதாரண மீட்டரால் 0.01 ஓமை நம்பகமாக அளக்க முடியாது.

தேவையான பொருட்கள்: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் சேர்த்துச் செய்த டெஸ்ட் லேம்ப் (24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் பல்பு), ஒயர் பிரஷ், உப்புத்தாள், நல்ல கனமான ஒரு ஜம்பர் கேபிள், சாவியைத் திருப்ப ஒரு ஆள்.

கை வைக்கும் முன்

கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடுங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் கியரில் இருந்தாலும் செல்ஃப் அடிக்கும். அப்படி நகர்ந்த வண்டியின் அடியில் ஆள் சிக்கிய சோகங்கள் உண்டு. மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது எர்த் முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அதன் பக்கத்தில் பொறியோ பீடியோ கூடாது.

சோதனை நடக்கும்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது. டீசலில் நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடியுங்கள், அல்லது பம்ப்பில் டீசலை நிறுத்தும் மின்காந்தமான ஸ்டாப் சாலினாய்டின் ஒயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றினால் போதும். ஒரு தடவைக்கு 5 விநாடி அடித்தாலே அளவு கிடைத்துவிடும். 10 விநாடியைத் தாண்டினால் இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள், செல்ஃப் மோட்டார் தொடர்ந்து ஓடச் செய்யப்பட்டது அல்ல.

காது சொல்வது, ஹெட்லைட் சொல்வது

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் வண்டிக்கு முன்னால் நின்று வெளிச்சத்தைப் பாருங்கள், சத்தத்தைக் கேளுங்கள். பாதிப் பழுது இங்கேயே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

'கட கட கட' என்று வேகமாக அடித்து, வெளிச்சமும் கூடவே துடித்தால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது தடித்த கேபிளில் எங்கோ பிடிப்பு சரியில்லை. செல்ஃப் மேல் இருக்கும் சாலினாய்டுக்குள் இரண்டு காயில் உண்டு: ஒன்று இழுப்பது, இன்னொன்று பிடித்து வைப்பது. இழுக்கும் காயில் உள்ளிருக்கும் செம்புத் தட்டைக் கொண்டுபோய் இரண்டு தடித்த போல்ட்டுகளில் முட்டவைக்கும். மோட்டாருக்குக் கரண்ட் பாயும். அந்தக் கணமே வோல்ட்டேஜ் சரிந்தால், பிடிக்கும் காயிலுக்குப் பலம் போதாமல் தட்டு பின்வாங்கும். மோட்டார் நின்றதும் வோல்ட்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் அந்தக் கடகடப்பு. பேட்டரியும் கேபிளும் சரியாக இருந்தும் கடகடத்தால், பிடிக்கும் காயிலே அறுந்திருக்கலாம்.

ஒரே ஒரு கனமான 'டக்', வெளிச்சம் மங்கவே இல்லை என்றால், சாலினாய்டு இழுத்தும் மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை. உள்ளே செம்பு முனைகள் தீய்ந்திருக்கும், அல்லது பிரஷ் தேய்ந்து அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும். அதே 'டக்'கோடு வெளிச்சம் அணையும் அளவுக்கு மங்கினால் பேட்டரி, கேபிள், அல்லது இறுகிப்போன மோட்டார். இன்ஜினே இறுகியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். அதனால் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

சத்தமே இல்லை, வெளிச்சமும் அசையவில்லை என்றால், சாவியிலிருந்து செல்ஃப் வரை வரும் மெல்லிய ஒயர் வழியைத் தேட வேண்டும். 'விர்ர்' என்று மோட்டார் மட்டும் வீணாகச் சுற்றினால் பினியன் (இன்ஜினைச் சுற்ற செல்ஃப் முன்னால் தள்ளும் சிறிய பல்சக்கரம்) அல்லது அதன் ஒருவழி கிளட்ச் போயிருக்கிறது. சில சமயம் மட்டும் 'கர்ர்' என்று உரசினால், பினியன் கோத்துச் சுற்றும் ஃப்ளைவீல் ரிங் கியரின் பற்களைப் பாருங்கள். இன்ஜின் நிற்கும்போது அநேகமாக அதே சில இடங்களில்தான் வந்து நிற்கும். நாலு சிலிண்டர் என்றால் இரண்டு இடம், ஆறு சிலிண்டர் என்றால் மூன்று. பினியன் வந்து மோதும் பற்களும் அவையே, ஆகவே அங்கே மட்டும் தேய்ந்திருக்கும்.

பேட்டரி

வண்டி ஓடி நின்ற உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, சில நிமிடம் கழித்து அளங்கள். 12 வோல்ட் பேட்டரியில் 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0-க்கு வந்துவிட்டால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்ற சோதனை எதுவும் அதன் பிறகுதான். 10.5 பக்கம் நின்று சார்ஜ் ஏற மறுத்தால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. மூடி திறக்கும் பேட்டரி என்றால், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகப் பேசும். நிறைந்த செல் 1.260 பக்கம் காட்டும். ஒரு செல்லுக்கும் இன்னொன்றுக்கும் 0.050-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பேட்டரியை நம்ப வேண்டாம்.

24 வோல்ட் லாரியில் இரண்டு பேட்டரி வரிசையாக இணைந்திருக்கும். இரண்டையும் சேர்த்து அளந்துவிட்டு விடாதீர்கள், தனித்தனியே அளங்கள். ஒன்றில் 12.7-ம் மற்றதில் 11.8-ம் இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். ரேடியோவுக்கோ கேபின் விளக்குக்கோ ஒரே ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருப்பார்கள். அந்தப் பேட்டரி தினமும் இறங்கும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிக் கொதிக்கும், இரண்டும் கெடும். அப்படி எடுத்திருந்தால் 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வைத்து இரண்டு பேட்டரியிலிருந்தும் எடுங்கள். மாற்றும்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

இப்போது செல்ஃப் அடிக்கச் சொல்லி, பேட்டரி முனைகளில் மீட்டரைப் பாருங்கள். 12 வோல்ட்டில் 9.6-க்குக் கீழே போகக் கூடாது, 24-ல் 19-க்குக் கீழே போகக் கூடாது. இன்ஜின் மெதுவாகச் சுற்றி, வோல்ட்டேஜும் அடியோடு இறங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. இன்ஜின் மெதுவாகச் சுற்றியும் பேட்டரியில் 11-க்கு மேலேயே நின்றால் பேட்டரி கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறது, போகும் வழிதான் அடைத்திருக்கிறது. இந்த ஒரு வித்தியாசம் புரியாமல்தான் நல்ல பேட்டரிகள் தூக்கிப் போடப்படுகின்றன.

வழியில் எங்கே கரைகிறது?

வழிகாட்டியின் உயிர் இந்தப் பகுதிதான், அவசரப்படாமல் செய்யுங்கள்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழின் நடு மண்டையில் குத்திப் பிடியுங்கள். கிளாம்ப்பில் வைக்காதீர்கள், குமிழுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில்தான் பெரும்பாலும் கோளாறு, அதைத் தாண்டி அளந்துவிட்டால் அது கண்ணில் படாது. கறுப்பு முனையை செல்ஃப் மேல் பேட்டரி கேபிள் வந்து சேரும் தடித்த போல்ட்டில், நட்டில் இல்லாமல் போல்ட்டின் நுனியில் வையுங்கள். சாதாரணமாக மீட்டர் பூஜ்யம் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் பாசிட்டிவ் கேபிள் வழி சரி. 24 வோல்ட் வண்டியிலும் இதே அளவையே நான் எதிர்பார்ப்பேன்.

அதிகமாக இருந்தால் சிவப்பை அசைக்காமல் கறுப்பை மட்டும் செல்ஃப்பிலிருந்து பேட்டரி நோக்கி ஒவ்வொரு மூட்டாகப் பின்னால் கொண்டுவாருங்கள்: கேபிளின் லக் (நுனியில் உள்ள உலோக வளையம்), பேட்டரியைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்சின் வெளிப்பக்கம், உள்பக்கம், பேட்டரி கிளாம்ப். ஒவ்வொரு இடத்திலும் ஒரு முறை அடியுங்கள். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் அளவு சட்டென்று குறைகிறதோ அங்கே பழுது. ஒரு மூட்டுக்கு 0.1 வோல்ட் மன்னிக்கலாம், அதற்கு மேல் போனால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பழைய லாரிகளில் கட்-ஆஃப் சுவிட்சை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதன் உள்முனைகளும் தீயும்.

லக் விஷயத்தில் கண்ணை நம்ப முடியாது. ஒரு கேபிளின் உறையை லக்கிலிருந்து நாலு விரல் தூரத்துக்குக் கீறிப் பிரித்துப் பார்த்தேன். வெளியே கறுப்பு ரப்பர் பளபளவென்று இருந்தது. உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடியாகி, விரலால் தேய்த்தபோது உதிர்ந்தன. ஆசிட் இழைகளின் இடுக்கு வழியே உள்ளே ஏறியிருந்தது. உறை வழக்கத்துக்கு மாறாக உப்பியோ, மடக்கும்போது மொறுமொறுவென்றோ இருந்தால் அந்தக் கேபிளை மாற்றிவிடுங்கள். வெளிப்பூச்சாக உப்பு பூத்திருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கழுவலாம், கரைசல் செல்லுக்குள் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சாலினாய்டின் உள்முனை. அதன் இரண்டு தடித்த போல்ட்டுகளிலும் மீட்டர் முனைகளை வையுங்கள். அடிக்கும் முன் முழு பேட்டரி வோல்ட்டேஜ் காட்டும், அது இயல்பு. 'டக்' கேட்டதும் அது 0.3-க்குக் கீழே விழ வேண்டும். 'டக்' கேட்ட பிறகும் 12-லேயே நின்றால் செம்புத் தட்டு முட்டவில்லை அல்லது தீய்ந்துவிட்டது.

பிறகு எர்த். சிவப்பு முனை செல்ஃப் மோட்டாரின் உடம்பில், பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் குமிழில். அடிக்கும்போது 0.3-க்குள் இருக்க வேண்டும். கூடினால் இதையும் துண்டு துண்டாக அளங்கள்: செல்ஃப் உடம்பிலிருந்து இன்ஜின் பிளாக், பிளாக்கிலிருந்து சேசிஸ், சேசிஸிலிருந்து பேட்டரி. முதலில் சொன்ன என் வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் 11.2 வோல்ட், செல்ஃப் முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் 8.3. காணாமல் போன 2.9-ல் பாசிட்டிவ் பக்கம் 0.3 மட்டும்தான். மீதி 2.6-ம் பிளாக்குக்கும் சேசிஸுக்கும் நடுவில்.

மீட்டர் கையில் இல்லாதபோது ஒரு குறுக்கு வழி: ஜம்பர் கேபிளால் பேட்டரி நெகட்டிவையும் இன்ஜின் பிளாக்கையும் நேரடியாக இணைத்து அடித்துப் பாருங்கள். துள்ளிச் சுற்றினால் எர்த் பட்டைதான். இன்னொரு அடையாளமும் உண்டு. எர்த் பட்டை கெட்டால் கரண்ட் வேறு வழி தேடும், ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று இன்ஜினையும் கேபினையும் தொடும் எதன் வழியாகவும் ஓடும். செல்ஃப் அடித்த பிறகு அந்தக் கேபிள் சூடாக இருந்தாலோ உறை உருகியிருந்தாலோ சந்தேகமே வேண்டாம்.

சாவியிலிருந்து செல்ஃப் வரை

சாலினாய்டில் மெல்லிய ஒயர் வந்து சேரும் சிறிய முனை ஒன்று இருக்கும். சில செல்ஃப்களில் 50 என்று பொறித்திருக்கும், பேட்டரி முனையில் 30. அந்தச் சிறிய முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப்பை மாட்டிச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். இங்கே மீட்டரைவிட 21 வாட் பல்பு நல்லது. அது 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் எடுப்பதால் அரைகுறைத் தொடர்பு உடனே மங்கலாகத் தெரியும்.

பல்பு பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் ஊமையாக இருந்தால் பழுது செல்ஃப்பில். சாலினாய்டு மட்டும் கெட்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இழுக்கும் காயிலின் எர்த் மோட்டாரின் பிரஷ் வழியாகத்தான் போகிறது. பிரஷ் தேய்ந்து, அது உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைத் தொடாவிட்டால் சாலினாய்டு இழுக்கவே இழுக்காது. ஒரு சுத்தியின் பிடியால் மோட்டார் உடம்பைத் தட்டியதும் செல்ஃப் எடுத்தால் பிரஷ்தான். வீடு சேர அந்தத் தட்டு உதவும், அவ்வளவுதான். காந்தம் ஒட்டிய வகை மோட்டாரை மட்டும் ஓங்கித் தட்டாதீர்கள், உள்ளே காந்தம் உடையும்.

பல்பு எரியவில்லை அல்லது மங்கல் என்றால் பின்னோக்கி நடங்கள். முதலில் ஸ்டார்ட் ரிலே, சாவியின் சிறு கரண்ட்டால் செல்ஃப்புக்குப் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் மின்சுவிட்ச். சாவி திருப்பும்போது அதை விரலால் பிடித்தால் துடிப்பு தெரியும். துடித்தால் அதன் 30-ல் கரண்ட் வருகிறதா, 87-ல் வெளியே போகிறதா என்று பாருங்கள். துடிக்காவிட்டால் 85, 86 இரண்டில் ஒன்றுக்குச் சாவிக் கரண்டும் மற்றதுக்கு எர்த்தும் வருகிறதா என்று பாருங்கள். அதற்கும் பின்னால் நியூட்ரல் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச். கியர் கம்பியை ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்பும்போது எடுத்தால் நியூட்ரல் சுவிட்ச்தான். கடைசியாகச் சாவி சுவிட்ச்: உள்ளே வரும் முனையில் 12 இருந்து வெளியே போகும் முனையில் 10 இருந்தால் உள்முனைகள் தேய்ந்துவிட்டன.

குளிர்ந்திருக்கும்போது நன்றாக எடுத்து, ஓடிச் சூடான பிறகு மட்டும் ஊமையாகும் வண்டிகள் உண்டு. சூட்டில் காயிலின் தடை கூடும், பழைய ஒயரும் தேய்ந்த சாவியும் கொடுக்கும் 8 வோல்ட் அப்போது போதாது. ரிலே இல்லாத வண்டியில் ஒரு ரிலேயைச் சேர்த்து, பேட்டரி முனையிலிருந்து ஃப்யூஸ் வழியே நேரடியாகக் கரண்ட் கொடுத்தால் இந்தக் குறை தீர்கிறது, சாவியின் ஆயுளும் நீள்கிறது.

ஸ்குரூ டிரைவரால் இரண்டு முனைகளைக் குறுக்கிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது நியூட்ரல் சுவிட்சைத் தாண்டிப் போகும் வழி. செய்தே ஆக வேண்டுமென்றால் பட்டன் வைத்த ஒயர் ஒன்றை 30-க்கும் 50-க்கும் நடுவில் மாட்டி, வண்டிக்கு வெளியே, சக்கரங்களின் பாதையில் இல்லாமல் நின்று அழுத்துங்கள்.

செல்ஃப்பைக் கழற்றினால்

எர்த் முனையை எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். பிரஷ் புதுசில் இருந்த நீளத்தில் பாதிக்குக் கீழே வந்திருந்தால் மாற்றுங்கள், ஸ்பிரிங்கையும் கூடவே பாருங்கள். மோட்டாரின் சுற்றும் பாகமான ஆர்மேச்சரின் மேல் உரசிய கோடுகள் இருந்தால், அதன் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து அது சாய்ந்து சுற்றியிருக்கிறது. கரண்ட்டை அள்ளி இழுத்து மெதுவாகச் சுற்றும் செல்ஃப்பின் கதை அநேகமாக இதுதான். புஷ் மாற்றாமல் பிரஷ் மட்டும் மாற்றினால் பயனில்லை. சாலினாய்டின் செம்புத் தட்டு ஒரு பக்கம் மட்டும் தீய்ந்திருந்தால் சில வகைகளில் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

டீசலில் ஸ்டாப் சாலினாய்டைப் பாருங்கள். சாவி போடும்போது அதில் மெல்லிய 'டிக்' கேட்க வேண்டும். செல்ஃப் அடிக்கும் நேரத்திலும் அதற்கு வோல்ட்டேஜ் வருகிறதா என்று அளங்கள், சில தேய்ந்த சாவிகள் ஸ்டார்ட் நிலையில் இதைத் துண்டித்துவிடும். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஒவ்வொரு பிளக்கையும் ஒயர் கழற்றி ஓமில் அளங்கள். நல்லது மிகக் குறைந்த தடை காட்டும், அறுந்தது முடிவில்லாத் தடை காட்டும். பழைய பெட்ரோல் வண்டியில் சாவியைப் பிடித்திருக்கும்வரை ஓடி, விட்டதும் நின்றால், காயிலுக்குப் போகும் கரண்ட்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது அதைத் தாண்டிக் காயிலுக்கு முழு கரண்ட் போகும், சாவி திரும்பியதும் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

காலையில் மட்டும் பேட்டரி இறங்கியிருந்தால்

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.4 வரை இருக்க வேண்டும், 24 வோல்ட்டில் 27.6-லிருந்து 28.8 வரை. அது சரியாக இருந்தும் இரவில் இறங்கினால் கசிவைத் தேடுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, குமிழுக்கும் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் மாட்டுங்கள். மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைத் தொடவே கூடாது, மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். கடிகாரம், ரேடியோ மட்டும் உள்ள பழைய லாரியில் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக் காரணமே இல்லை. போனால் ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ அந்த வழி. எதைப் பிடுங்கியும் விழாவிட்டால், பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றிப் பாருங்கள், அநேக வண்டிகளில் அது ஃப்யூஸ் பெட்டி வழியாக வருவதில்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கிறதா? உள்ளே டயோடு ஒழுகிக்கொண்டிருக்கிறது.